கன்சல்டிங்கில் வாங்கிய காரில் முன்பே செய்திருந்த மாற்றங்களுக்கு நான் பதில் சொல்ல வேண்டுமா?

திருப்பூரிலிருந்து வாசகர் ஒருவர் எழுதியிருக்கும் கடிதத்தின் சுருக்கம் இது:

"ஐயா, எட்டு மாதங்களுக்கு முன் ஒரு கார் கன்சல்டிங்கில் 2018ஆம் ஆண்டின் பெட்ரோல் கார் ஒன்றை வாங்கி, ஆர்.சி.யையும் என் பெயருக்கு மாற்றிக்கொண்டேன். ஆர்.சி.யில் வெள்ளை என்று இருந்தாலும் கார் மங்கிய கறுப்பு நிறத்தில் இருக்கிறது. முன்புறம் இரும்புக் கம்பி பம்பர், 17 அங்குல அலாய் வீல், அதிகச் சத்தம் எழுப்பும் சைலன்சர், கூடுதல் வாட் ஹெட்லைட் பல்பு, நான்கு கண்ணாடியிலும் ஃபிலிம் என்று எல்லாமே முன் உரிமையாளர் செய்தவை. போன மாதம் வாகனச் சோதனையில் மோட்டார் வாகன ஆய்வாளர் நிறுத்தி எழுதிக்கொண்டார். இப்போது பதிவை ஏன் நிறுத்தி வைக்கக் கூடாது என்று விளக்கம் கேட்டு ஆர்.டி.ஓ. அலுவலகத்திலிருந்து தபாலில் நோட்டீஸ் வந்திருக்கிறது. நான் செய்யாத மாற்றத்துக்கு நான் ஏன் பதில் சொல்ல வேண்டும்? கோர்ட்டே அனுமதித்துவிட்டதால் ஃபிலிமைக் கழற்ற வேண்டாம் என்கிறார் மெக்கானிக். அது சரியா? காரை சி.என்.ஜி.க்கு மாற்றவும் எண்ணியிருக்கிறேன். சர்க்கரை நோயால் என் அப்பாவின் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். முப்பது ஆண்டுகள் கார் ஓட்டியவர். அவர் மறுபடி ஓட்டுவதற்காகக் கிளச்சைக் கையால் இயக்கும்படி மாற்ற முடியுமா?"

நீங்கள் கேட்டவற்றுள் கடைசிக் கேள்விதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஆனால் அதற்குச் சட்டம் சொல்லும் விடை புரிய வேண்டுமானால் முதலில் நோட்டீஸ் விஷயத்தைப் பார்த்துவிட வேண்டும்.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவுதான் இந்த விவகாரம் முழுவதற்கும் அடிப்படை. பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள், தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து வேறுபடும் வகையில் எந்த உரிமையாளரும் வாகனத்தை மாற்றக் கூடாது என்பது அந்தப் பிரிவின் சாரம். மாற்றம் என்ற சொல்லுக்கு அதே பிரிவு ஒரு விளக்கமும் தருகிறது. வாகனத்தின் அடிப்படைத் தன்மையே வேறாகும்படி அதன் கட்டமைப்பில் செய்யப்படும் மாற்றம்தான் அங்கே பேசப்படுகிறது. ஆகவே சீட் கவர், மியூசிக் சிஸ்டம், பின்பக்க கேமரா, தரை விரிப்பு ஆகியவற்றுக்காக யாரும் உங்களை இந்தப் பிரிவில் கொண்டுவர முடியாது. பக்கவாட்டு ஏர்பேக் இருக்கையிலேயே பொருத்தப்பட்ட காராக இருந்தால் மட்டும், அது வெளிவரும் இடத்தை மூடாத உறையாகப் பார்த்து வாங்குங்கள்.

தயாரிப்பாளரின் விவரக்குறிப்புக்குச் சட்டம் ஏன் இத்தனை மதிப்புத் தருகிறது என்று பலரும் என்னிடம் கேட்பதுண்டு. ஒரு கார் மாடல் சந்தைக்கு வருவதற்கு முன், அதன் மாதிரி வாகனத்தை அங்கீகரிக்கப்பட்ட சோதனை நிறுவனம் ஒன்றில் சோதித்துச் சான்று பெற வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989இன் 126ஆவது விதி கட்டாயப்படுத்துகிறது. புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ., மானேசரில் உள்ள ஐகேட், நம் ஊரில் ஒரகடத்தில் உள்ள ஜி.ஏ.ஆர்.சி. ஆகியவை அத்தகைய நிறுவனங்கள். பிரேக், விளக்கு, புகை, சத்தம் என ஒவ்வொன்றாகத் தேறிய பிறகே அந்த மாடல் விற்பனைக்கு வருகிறது. பட்டறையில் நீங்கள் ஒரு பாகத்தை மாற்றும் அந்தக் கணத்தில், உங்கள் கார் அந்தச் சோதனையில் தேறிய கார் என்று சொல்லும் உரிமையை அந்த அளவுக்கு இழந்துவிடுகிறது.

உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரி 9 அன்று கேரள ஆர்.டி.ஓ. ஒருவர் தொடுத்த மேல்முறையீட்டில் அளித்த தீர்ப்பும் இதையே உறுதி செய்தது. 'இனி எந்த மாற்றமும் செய்யக் கூடாது' என்று அந்தத் தீர்ப்பைச் செய்திகள் சுருக்கிச் சொன்னதால் ஒரு பீதி பரவியது. அந்தச் சுருக்கம் முழுமையானதல்ல. தயாரிப்பாளரின் மூல விவரக்குறிப்புக்கு முரணாக மாற்றக் கூடாது என்றும், பதிவுச் சான்றிதழின் மற்ற விவரங்களை உரிய முறையில் மாற்றிச் சான்றிதழில் பதிந்துகொள்ளலாம் என்றும்தான் நீதிமன்றம் சொன்னது. சட்டத்துக்குக் கட்டுப்பட்டவைதான் விதிகள் என்பதால், விதியைக் காட்டி 52ஆவது பிரிவைத் தாண்ட முடியாது என்றும் சொன்னது. இதிலிருந்து நம் காரைப் பற்றி நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் இரண்டு. நான் மாற்றுவது சோதனையில் தேறிய அம்சத்தையா? இல்லையென்றால், ஆர்.சி.யில் எழுதப்பட்ட ஒன்றையா? முதல் கேள்விக்கு ஆம் என்பது விடையானால், சட்டமே திறந்துவைத்த சில வழிகளைத் தவிர, செய்யவே கூடாது. இரண்டாவதற்கு மட்டும் ஆம் என்றால் பதிவு அதிகாரியிடம் சொல்லி, எழுதிக்கொண்டு செய்யலாம்.

இனி, நீங்கள் செய்யாததற்கு நீங்கள் ஏன் பொறுப்பு என்ற கேள்விக்கு வருகிறேன். உங்கள் ஆதங்கம் நியாயமானது. சட்டத்திலும் அதற்கு ஓரளவு இடம் உண்டு. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின் நான்காவது உட்பிரிவு, அனுமதிக்கப்படாத வகையில் வாகனத்தை மாற்றும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம் என்கிறது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் என்ற சொற்களைக் கவனியுங்கள். உங்கள் காரில் ஐந்து மாற்றங்கள் எனக் கணக்கிட்டால் 25,000 ரூபாய். ஆனால் தண்டனைச் சட்டத்தைச் சொல்லுக்குச் சொல் இறுக்கமாகவே படிக்க வேண்டும். மாற்றியவர் நீங்கள் அல்ல என்பதற்கு ஆவணம் இருந்தால், இந்த உட்பிரிவு உங்களுக்குப் பொருந்தாது என்று வாதிட இடம் இருப்பதாகவே நான் கருதுகிறேன்.

ஆனால் இந்த வாதம் அதற்கு மேல் உங்களைக் காப்பாற்றாது. 190ஆவது பிரிவின் இரண்டாவது உட்பிரிவு, சாலைப் பாதுகாப்பு, சத்தம், காற்று மாசு ஆகியவை தொடர்பான தரங்களை மீறும் வாகனத்தைப் பொது இடத்தில் ஓட்டுபவரையும் ஓட்ட விடுபவரையும் பிடிக்கிறது. யார் மாற்றினார் என்று அது கேட்பதில்லை. முதல் முறைக்கு மூன்று மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்பதோடு, மூன்று மாதங்களுக்கு ஓட்டுநர் உரிமம் வைத்திருக்கும் தகுதியும் பறிபோகும். அபராதத் தொகையை மட்டும் பார்த்துவிட்டு இந்தக் கடைசிப் பகுதியைக் கவனிக்காமல் விடுகிறவர்களே அதிகம். வேலைக்குத் தினமும் கார் ஓட்டிப் போகும் ஒருவருக்கு 10,000 ரூபாயைவிட அந்த மூன்று மாதங்கள் கனமானவை. உங்களுக்கு வந்திருக்கும் நோட்டீஸோ 53ஆவது பிரிவின் கீழ் வருவது. அதில் குற்றவாளி யார் என்ற கேள்விக்கே இடமில்லை. பொது இடத்தில் ஓடுவது ஆபத்து என்றோ சட்டமும் விதிகளும் கேட்கும் தேவைகளுக்கு அது ஒத்துவரவில்லை என்றோ பதிவு அதிகாரி நம்பினால், குறை நீக்கப்படும்வரை பதிவை நிறுத்தி வைக்கலாம். நடவடிக்கை வாகனத்தின் மேல் என்பதால், அது எத்தனை கை மாறினாலும் கூடவே வரும்.

விற்றவரை அப்படியே விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வாகனங்களின் கட்டமைப்பு, பராமரிப்பு பற்றிய சட்டத்தின் ஏழாவது அத்தியாயத்துக்கு முரணான வாகனத்தை விற்கும் வாகன டீலருக்கு 182ஏ பிரிவின் முதல் உட்பிரிவு ஓராண்டு வரை சிறை அல்லது வாகனம் ஒன்றுக்கு ஒரு லட்சம் ரூபாய் அபராதம் என்கிறது. கன்சல்டிங்காரர் அந்த வரையறைக்குள் வருவாரா என்பது அவர் எந்த உரிமத்தில், எந்த வகையில் தொழில் செய்கிறார் என்பதைப் பொறுத்தது. அது எப்படியிருந்தாலும், ஆர்.சி.க்கு ஒத்துவராத காரை அதைச் சொல்லாமல் விற்றது சேவைக் குறைபாடு என்று மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் நீங்கள் வழக்கிடலாம். வழக்குக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள் அவகாசம் உண்டு. விற்பனை ரசீதும், வாங்கும்போது அவர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய காரின் படங்களும் உங்களிடம் இருந்தால் பத்திரமாக வையுங்கள். இந்த மாற்றங்கள் வாங்கிய அன்றே இருந்தன என்பதற்கு அவையே சாட்சி. நோட்டீஸுக்கும் அவை உதவும்.

இப்போது காரைப் பார்ப்போம். சைலன்சரைப் பற்றி நீட்டிப் பேச ஏதுமில்லை. ஒன்பது இருக்கைக்கு மிகாத பயணிகள் கார் தயாரிப்பு நிலையிலேயே 74 டெசிபெல் என்ற வரம்புக்குள் இருக்க வேண்டும். அந்தச் சத்தத்தை அடக்குவதற்காக வைத்த உறுப்பை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்தால், அது நேரடியாகச் சத்தத்துக்கான தரத்தை மீறுவதாகும். கூடவே, புகையின் நச்சைக் குறைக்கும் வினையூக்கி மாற்றியையும் (கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர்) வெட்டி எடுத்திருக்கிறார்களா என்று அடியில் படுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எடுத்திருந்தால் புகைத் தரமும் போயிற்று. இரண்டையும் மூலப் பாகத்தாலேயே மாற்ற வேண்டும்.

இரும்புக் கம்பி பம்பரைச் சந்தேகத்துக்கு இடமின்றிக் கழற்றுங்கள். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே இவற்றின் மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. காருக்கு அது பாதுகாப்பு என்று நம்பித்தான் மக்கள் போடுகிறார்கள். காரின் முன்பகுதி மோதும்போது நசுங்குவதற்கென்றே வடிவமைக்கப்பட்டது. அது நசுங்கும் சில அங்குலங்களில்தான் மோதலின் வேகம் கரைகிறது. ஏர்பேக் எப்போது விரிய வேண்டும் என்பதும் அந்த நசுங்கலை வைத்தே கணக்கிடப்பட்டிருக்கிறது. சட்டகத்தோடு நேரே முடுக்கிய கம்பி அந்த நசுங்கலைத் தடுத்து, அதிர்ச்சியை உள்ளே இருப்பவரிடம் கொண்டுபோகிறது. எதிரே நடந்து வருபவருக்கோ பிளாஸ்டிக் பம்பருக்குப் பதிலாக இரும்புக் குழாய்.

அலாய் வீல் விஷயம் சற்று நுட்பமானது. எஃகு வீலுக்குப் பதில் அலாய் வீல் என்பதே குற்றமல்ல. அளவுதான் கேள்வி. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டிய சிறு தாள் ஒன்று தெரியும். அதில் தயாரிப்பாளர் ஏற்ற டயர் அளவுகள் அச்சிடப்பட்டிருக்கும். அந்தத் தாளில் 185/65 ஆர் 15 என்று இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சக்கரத்தின் மொத்த விட்டம் 621.5 மில்லிமீட்டர் வரும். இப்போது மாட்டியிருக்கும் 215/60 ஆர் 17 டயரின் விட்டம் 689.8 மில்லிமீட்டர். கிட்டத்தட்ட 11 சதவீதம் கூடுதல். ஸ்பீடோமீட்டர் சக்கரம் சுற்றும் எண்ணிக்கையைத்தான் எண்ணுகிறது. எனவே அது 80 என்று காட்டும்போது நீங்கள் 89க்கு அருகில் போய்க்கொண்டிருப்பீர்கள். பிரேக் பிடிக்க வேண்டிய சுமை கூடியிருக்கும். ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடிக்கும்போது டயர் மட்கார்டில் உரசும். அதே மாடலின் உயர் ரகத்துக்குத் தயாரிப்பாளரே கொடுக்கும் அளவாக இருந்தால், அதை ஆவணத்தோடு காட்டி அதிகாரியை ஏற்கச் செய்யலாம். உங்களுடையது அப்படிப்பட்டதல்ல. தாளில் உள்ள அளவுக்குத் திரும்புங்கள்.

ஹெட்லைட் பல்பைப் பற்றி நான் நேரில் பார்த்த ஒன்றைச் சொல்ல வேண்டும். எச்4 வகைப் பல்புக்குத் தரப்படுத்தப்பட்ட அளவு 60/55 வாட். சந்தையில் 100/90 வாட் பல்பு அதே ஹோல்டரில் உட்காருமாறு கிடைக்கிறது. ஹை பீமில் ஒரு பல்பு 5 ஆம்பியருக்குப் பதில் 8 ஆம்பியருக்கும் மேல் இழுக்கும். இரண்டு பல்புக்கும் சேர்த்து 10க்குப் பதில் 16க்கும் மேல். தனி ரிலேயும் தடித்த வயரும் போடாமல் பல்பை மட்டும் மாற்றினால், அந்தச் சுமை முழுவதும் தயாரிப்பாளர் போட்ட மெல்லிய வயரிலேயே ஓடும். வழக்கறிஞரான என்னிடம் வந்த கட்சிக்காரர் ஒருவரின் கார் இரவில் முன்புறம் தீப்பிடித்து எரிந்தது. நல்ல வேளையாக யாருக்கும் காயமில்லை. காப்பீட்டு நிறுவனத்தின் சர்வேயர் எரிந்து மிச்சமிருந்த ஹோல்டரை மேஜைமேல் வைத்தார். பிளாஸ்டிக் உருகி மெழுகுபோல் ஒருபுறம் வழிந்திருந்தது. வயரின் மேலுறை விரலால் தொட்டதும் பொடியாக உதிர்ந்தது. பல்பின் அடியில் 100/90 என்ற எழுத்து மட்டும் தெளிவாகத் தெரிந்தது. அதற்கு மேல் நாங்கள் வாதிட ஏதும் இருக்கவில்லை. சொந்தச் சேதத்துக்கான கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. பல்பின் விலை சில நூறு ரூபாய்தான். எதிரே வருபவர் கண்ணைக் கூசச் செய்வதும் அதே பல்புதான் என்பதால் உடனே மாற்றுங்கள். காரில் இருப்பவை எல்.இ.டி. விளக்குகளாக இருந்தாலும், அந்த ஹெட்லைட் கூட்டுக்கென்று அங்கீகரிக்கப்பட்டவை அல்லாத எதற்கும் இது பொருந்தும்.

ஃபிலிம் விஷயத்தில் உங்கள் மெக்கானிக் சொன்னது பாதி உண்மை. 2012 ஏப்ரல் 27 அன்று உச்ச நீதிமன்றம், கண்ணாடிமேல் எந்த ஒளி ஊடுருவல் அளவிலும் கறுப்பு ஃபிலிம் ஒட்டக் கூடாது என்று தடை விதித்தது. தயாரிக்கும்போதே நிறமூட்டிய கண்ணாடிதான் வரம்புக்குள் இருக்கலாம் என்பது அப்போதைய 100ஆவது விதியின் பொருள். பிறகு அந்த விதி திருத்தப்பட்டு, 2021 ஏப்ரல் 1 முதல் இந்தியத் தரநிலைக்கு உட்பட்ட பாதுகாப்புப் பூச்சுப் பொருளுக்கும் இடம் தரப்பட்டது. இந்தத் திருத்தத்தை வைத்து 2024 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம், தரச் சான்று பெற்ற, வரம்புக்கு உட்பட்ட பொருளை ஒட்டியதற்காக அபராதம் விதிக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. மெக்கானிக் கேள்விப்பட்டது அதுவாகத்தான் இருக்க வேண்டும். ஒரு மாநில உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பைத் தமிழ்நாட்டில் மேற்கோள் காட்டி வாதிடலாமே தவிர, அது இங்குள்ள அதிகாரியைக் கட்டுப்படுத்தாது. அதைவிட முக்கியம், அந்தத் தீர்ப்பு உங்கள் காரில் இருப்பதுபோன்ற கருமையான ஃபிலிமைக் காப்பதற்காக எழுதப்பட்டதல்ல. முன் பின் கண்ணாடிகளில் 70 சதவீதம், பக்கக் கண்ணாடிகளில் 50 சதவீதம் ஒளி ஊடுருவ வேண்டும் என்ற வரம்பு அப்படியே இருக்கிறது. இந்த வரம்பு கண்ணாடியும் பூச்சும் சேர்ந்த அளவுக்கு. பக்கக் கண்ணாடி தானே 75 சதவீதம் ஒளியை விட்டு, அதன்மேல் 65 சதவீத ஃபிலிம் ஒட்டினால், மிஞ்சுவது 49 சதவீதத்துக்கும் குறைவு. கடைக்காரர் 65 என்று காட்டிய ஃபிலிம் 50ஐத் தாண்டாமல் போவது இப்படித்தான். கழற்றிவிடுங்கள்.

நிறத்தில் உங்களுக்கு நல்ல செய்தி உண்டு. நிறம் ஆர்.சி.யில் எழுதப்படும் விவரம். ஆனால் காரின் கட்டமைப்பு அதனால் மாறுவதில்லை. எனவே மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் வாகன மாற்றத்துக்கான விண்ணப்பம் கொடுத்து, கட்டணம் செலுத்தி, ஆய்வாளரிடம் காரைக் காட்டி, புதிய நிறத்தைச் சான்றிதழில் ஏற்றிக்கொள்ளலாம். கறுப்பு பெயிண்டா, மேலே ஒட்டிய உறையா என்று பாருங்கள். ஒட்டியதென்றால் உரித்துவிட்டு வெள்ளைக்கே திரும்புவது மலிவு. அனுமதியின்றி மாற்றம் செய்திருந்தால் 14 நாளுக்குள் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 52ஆவது பிரிவு. முன் உரிமையாளர் அதைச் செய்யவில்லை என்பதால் இப்போது நீங்கள் தாமதமின்றிச் செய்ய வேண்டும். கார் மீது வங்கிக் கடன் இருந்தால் அவர்களின் எழுத்துபூர்வமான ஒப்புதலையும் முதலிலேயே வாங்கிவிடுங்கள். எண் பலகையைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. உயர் பாதுகாப்புப் பலகையை எடுத்துவிட்டு அழகு எழுத்தில் போட்டிருந்தால் அதையும் இதோடு சரிசெய்யுங்கள். தமிழில் எண் எழுதிய பலகைகளைப் பார்க்கும்போது எனக்கும் ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் விதி 50 ஆங்கில எழுத்தையும் வழக்கமான இலக்கத்தையும்தான் ஏற்கிறது.

சி.என்.ஜி. என்பது சட்டம் தானாகவே திறந்துவைத்த வழிகளுள் ஒன்று. மின்கலம், சி.என்.ஜி., எல்.பி.ஜி. போன்ற வேறு எரிசக்தியில் ஓடும்படி மாற்றுக் கருவித் தொகுப்பைப் பொருத்தலாம் என்று 52ஆவது பிரிவின் விலக்கே சொல்கிறது. விதிப்படி செய்த இத்தகைய மாற்றத்துக்காகத் தயாரிப்பாளரின் வாரண்டியைச் செல்லாததாகக் கருதக் கூடாது என்றும் 2019ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்திருக்கிறது. கவனிக்க வேண்டியது, அந்தத் தொகுப்புக்கு உங்கள் கார் மாடலுக்கென்று சோதனை நிறுவனத்தின் அங்கீகாரச் சான்று இருக்க வேண்டும், அந்தச் சான்று காலாவதியாகி இருக்கக் கூடாது. பொருத்துபவர் அந்தத் தொகுப்பின் தயாரிப்பாளரால் அங்கீகரிக்கப்பட்டவராக இருக்க வேண்டும். சிலிண்டருக்கு வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பான பெசோவின் ஒப்புதல் வேண்டும். மூன்று ஆண்டுக்கு ஒரு முறை நீரழுத்தச் சோதனையும் செய்ய வேண்டும். 200 பார் அழுத்தத்தில் வாயுவை அடைத்த ஒரு பாத்திரத்தைப் பின்சீட்டுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு குடும்பத்தோடு போகிறோம் என்பதால் இந்தச் சோதனையில் மட்டும் நாள் தள்ளிப்போடாதீர்கள். பொருத்தியதும் ஆர்.சி.யில் பெட்ரோல்/சி.என்.ஜி. என்று மாற்ற வேண்டும்.

அந்த ஆர்.சி.யைக் காட்டிக் காப்பீட்டு நிறுவனத்திலும் எழுதிச் சேர்க்க வேண்டும். பாலிசியோடு சேர்க்கும் ஐ.எம்.டி. 25 என்ற கூடுதல் ஷரத்து சி.என்.ஜி., எல்.பி.ஜி. தொகுப்புக்கானது. தயாரிப்பாளரின் விலைப் பட்டியலில் இல்லாத மின் சாதனங்களுக்கு ஐ.எம்.டி. 24. சிறிது கூடுதல் பிரீமியம் வரும். சொல்லாமல் விட்டால், விபத்தின்போது உங்கள் காருக்கான சேதத்தை நிறுவனம் மறுக்க நீங்களே காரணம் கொடுத்ததாகிவிடும்.

இனி உங்கள் அப்பா. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, உடல் குறைபாடு உள்ளவருக்காக ஒரு வாகனத்தைத் தகவமைப்பதை 52ஆவது பிரிவின் இரண்டாவது உட்பிரிவு வெளிப்படையாகவே அனுமதிக்கிறது. விதித்த நிபந்தனைகளுக்கு உட்பட்டு மாற்றிவிட்டு, பிறகு பதிவு அதிகாரியின் ஒப்புதலைப் பெறலாம் என்பதே அதன் வாசகம். முன் அனுமதி கட்டாயமில்லை என்றாலும், வேலையைத் தொடங்குவதற்கு முன்பே வரைபடத்தோடும் மாற்றுத்திறனாளி அடையாளச் சான்றோடும் ஆய்வாளரைச் சந்தித்துவிடும்படியே நான் எல்லோருக்கும் சொல்வது. கிளச்சைக் கையால் இயக்கும் கருவியை எந்தப் பட்டறையிலும் வெல்டிங் வைத்துச் செய்துகொள்ளாதீர்கள். இவற்றையே தொழிலாகச் செய்பவர்களிடம், ரசீதோடும் சான்றோடும் பொருத்துங்கள். 2020 முதல் பதிவு விண்ணப்பத்தில் உரிமையாளர் வகையாக மாற்றுத்திறனாளி என்பதைக் குறிக்கவும் இடம் தரப்பட்டிருக்கிறது.

ஆனால் ஒரு சிக்கல். தகவமைக்கப்பட்ட வாகனம் என்பதற்குச் சட்டம் தரும் வரையறையில், குறைபாடு உள்ளவரால் அல்லது அவருக்காக மட்டுமே பயன்படுவது என்ற நிபந்தனை இருக்கிறது. நீங்கள் தினமும் வேலைக்கு ஓட்டிப் போகும் அதே காரை அந்த வகையில் கொண்டுபோனால் இந்தச் சொற்கள் குறுக்கே நிற்கும். உங்கள் அப்பா இழந்தது இடது கால் என்பதால் எனக்கு ஒரு யோசனை தோன்றுகிறது. கியரைத் தானே மாற்றும் ஆட்டோமேட்டிக் காரில் கிளச் மிதியே கிடையாது. வலது கால் ஒன்றே போதும். தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே அவர் அதை ஓட்டலாம். எந்த மாற்றமும் தேவையில்லை, ஆகவே 52ஆவது பிரிவின் கேள்வியும் இல்லை. இந்தக் காரின் மேல் சி.என்.ஜி.க்கும் கிளச்சுக்கும் செலவிடுவதைவிட, இதை ஆர்.சி.க்கு ஒத்ததாக மாற்றி விற்றுவிட்டு ஒரு பழைய ஆட்டோமேட்டிக் காரை வாங்குவது உங்கள் இருவருக்கும் பொருந்தும் என்று கருதுகிறேன். இரண்டில் எந்த வழியானாலும், அவருடைய பழைய உரிமத்தையே வைத்துக்கொண்டு ஓட்டத் தொடங்கக் கூடாது. படிவம் 1ஏ மருத்துவச் சான்றிதழோடு உரிமம் வழங்கும் அதிகாரியிடம் உடல்நிலை மாறியதைத் தெரிவித்து, எந்த வகை வாகனத்துக்கு என்று உரிமத்தில் எழுதி வாங்க வேண்டும். முப்பது ஆண்டு ஓட்டியவருக்கு அந்தச் சோதனை கடினமாக இராது. முதல் நாள் வெற்று மைதானம் ஒன்றில் உங்களோடு ஓட்டிப் பார்க்கட்டும்.

நோட்டீஸுக்கு வருகிறேன். அதில் குறித்த நாளுக்கு முன் எழுத்தில் பதில் கொடுங்கள். நேரில் போய் வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வந்தால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். காரை இப்போதுள்ள நிலையில் நான்கு பக்கமும் படம் எடுத்த பிறகு, பம்பர், சைலன்சர், டயர், பல்பு, ஃபிலிம் அனைத்தையும் மாற்றி, ஒவ்வொன்றுக்கும் ரசீது வாங்கி, மறுபடி படம் எடுங்கள். வாங்கிய நாளிலேயே இவை இருந்தன, நான் செய்யவில்லை, அறிந்ததும் நீக்கிவிட்டேன், நிறத்துக்கு இன்ன தேதியில் விண்ணப்பித்திருக்கிறேன், காரை ஆய்வுக்குக் கொண்டுவரத் தயாராக இருக்கிறேன் என்று நான்கைந்து வாக்கியங்களில் எழுதி, ரசீதுகளையும் படங்களையும் இணைத்துக் கொடுத்து, நகலில் அலுவலக முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். குறை நீங்கியதாகக் கண்டால் நிறுத்தி வைப்பதற்கான காரணமே இல்லாமல் போகும். அதையும் மீறி உத்தரவு வந்தால், அது கைக்குக் கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் 57ஆவது பிரிவின் கீழ் மேல்முறையீடு செய்யலாம். பதிவு நிறுத்தப்பட்டிருக்கும் நாள்களில் மட்டும் அந்தக் காரைச் சாலையில் எடுக்காதீர்கள்.